இரண்டு ஹெட்போனும் ஒரு ஜன்னலும்

1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. கஸ்தூரிக்கு அப்போது வயது பத்தொன்பது. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். புது மாவட்டம் என்றால் புது கலெக்டர் ஆபீஸ், புது ஆபீஸ் என்றால் புது டைப்பிஸ்டு என்று ஊரில் டைப் கற்ற பெண்கள் எல்லாரும் நினைத்த மாதிரிதான் அவளும் நினைத்தாள்.

அடுத்த வருடம் இன்டர்வியூ கார்டு வந்தது. வந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கித் தன் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். பதினொரு நாள் கழித்து, "மறந்தே போச்சும்மா" என்று கொண்டுவந்து கொடுத்தார். இன்டர்வியூ ஒன்பதாம் நாளே முடிந்திருந்தது. அவருடைய மகளும் அதே வேலைக்குப் பதிந்து வைத்திருந்தாள். அவளுக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். மனிதர் மறந்தாரா, மறைத்தாரா? கஸ்தூரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த வருடத்திலிருந்து அவள் யாரையும் முழுசாக நம்புவதை விட்டாள்.

பிறகு வேங்கிக்காலில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் ஏழு வருடம். மனு, பத்திரம், வாரிசுச் சான்று. டீ குடிக்க எழுந்தால்கூட மெஷினில் இருக்கும் தாளை உருவி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். உபயோகித்த கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும் என்று, அதை நாலாகக் கிழித்துத்தான் குப்பையில் போடுவாள். கடைக்காரர், "இது இன்னா ராணுவ ரகசியமாம்மா? ஆடு காணோம்னு மனு" என்பார். அவள் கிழித்துக்கொண்டே இருப்பாள்.

இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் ஹன்னா அவளைத் தேர்ந்தெடுத்தாள்.

ஹன்னா ஜெர்மனியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி. வயது முப்பத்திரண்டு. அவள் ஊர் ஆட்கள் செங்கம் ரோட்டுப் பக்கம் வந்தால் பெரும்பாலும் ஆசிரமத்தில் கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவார்கள். இவள் டேப் ரெக்கார்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனாள். கல்யாணங்களைப் பற்றிப் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. தமிழை அங்கேயே புத்தகத்தில் படித்திருந்ததால் அவள் பேச்சில் ஒரு சொல்லும் சுருங்காது. 1997 மே மாதம் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தரைத்தள அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அங்கே கஸ்தூரியை உட்கார வைத்தாள்.

"இவர்கள் என்னை நம்பிப் பேசுகிறார்கள், கஸ்தூரி. நூல் வரும்போது பெயர்கள் எல்லாம் மாறிவிடும். அதுவரை ஒரு சொல்லும் இந்த அறைக்கு வெளியே போகக் கூடாது."

"போகாதுங்க மேடம்" என்றாள் கஸ்தூரி. அந்த வாக்கைக் கொடுக்க இந்த ஊரில் தன்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று அவளுக்கு நிச்சயம்.

வேலை எளிது. காலால் அழுத்தினால் ஓடி, காலை எடுத்தால் நிற்கும் ஒரு டேப் மெஷின். ஒரு வாக்கியத்தைக் கேட்க வேண்டும், திரும்ப ஓட்டிச் சரிபார்க்க வேண்டும், பென்சிலால் எழுத வேண்டும். சாயங்காலம் மொத்தத்தையும் டைப் அடிக்க வேண்டும். கேட்பதற்கு ஹன்னா இரண்டு ஹெட்போன் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின் விலைக்கு நாலைந்து நல்ல சைக்கிள் வாங்கலாம் என்று கேட்டதும் கஸ்தூரி இரண்டையும் தொடுவதற்கு முன்னால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இரண்டையும் ஒரு வாரம் போட்டுப் பார். உனக்கு எது வசதியோ அதையே வைத்துக்கொள். ஒன்று மூடியது. மற்றொன்று திறந்தது. திறந்ததை யாரும் இல்லாத அறையில்தான் பயன்படுத்த வேண்டும்."

"இங்க யாருங்க இருக்கா? கதவைத் தாழ் போட்டுக்கிட்டுதானே வேலை செய்யப்போறேன்."

மூடியதற்குக் காது முழுவதையும் கவ்விக்கொள்ளும் தோல் மெத்தை. வெளிப்பக்கம் கறுப்புக் கிண்ணம். அதைப் போட்டதும் செங்கம் ரோட்டு பஸ் ஹாரன் எங்கோ போளூரில் அடிப்பது போல் ஆகிவிட்டது. டேப்பில் பம்ப்செட் ஓடினாலும் அதற்கு அடியில் பேசுகிறவளின் குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்துக் கிடந்தது. அரை மணி நேரத்தில் மெத்தை வேர்த்தது. எச்சில் விழுங்கினால் அந்தச் சத்தம்கூடத் தலைக்குள் கேட்டது.

திறந்ததற்கு வெளிப்பக்கம் கிண்ணம் இல்லை, மெல்லிய கம்பி வலை மட்டும்தான். தலையில் இருப்பதே தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு அதே டேப்பை ஓட்டினாள். குரல் தலைக்குள் இல்லை. எதிரே, முற்றத்தில், இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து ஒரு பெண் பேசினாள். அவளுக்கு இடப்பக்கம் ஆடு கத்தியது. பின்னால் யாரோ முறத்தில் புடைத்தார்கள். கஸ்தூரிக்கு ஒரு கணம் அந்த வீட்டுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அவள் திறந்ததைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது இல்லை. மூடியதைப் போட்டால் முதுகுக்குப் பின்னால் யார் வந்து நின்றாலும் தெரியாது. மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா கதவை இடித்து இடித்து ஓய்ந்து போய், "இன்னா பொண்ணு, செத்துகித்து வெச்சியோன்னு பார்த்தேன்" என்று திட்டினாள். கதவுக்கு வெளியே ஒரு ஆள் வந்து நின்றதே கேட்கவில்லை என்றால், காதை வைத்து ஒட்டுக்கேட்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது? திறந்ததில் எல்லாம் கேட்டது. கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம், வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம், எல்லாமே. கஸ்தூரிக்கு அதுதான் வேண்டும்.

ஒரே சங்கடம், மின்விசிறியும் கேட்டது. கடகடவென்று குரலோடு சேர்ந்து இரைந்தது. விசிறியை நிறுத்தினாள். புழுங்கியது. ஜன்னலைத் திறந்தாள். காற்று வருகிற இடத்துக்கு மேஜையை நகர்த்தினாள். ரோட்டுச் சத்தம் ஜாஸ்தி என்று டேப்பின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

ஜன்னலைத் திறந்து வைப்பதில் பயம் இல்லை. வெளியே சுவர் நிழலில், ஜன்னல் கட்டைக்கு நேர் கீழே, பூக்கார சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூடையை இறக்கினால் நாலு மணிவரை மல்லியும் கனகாம்பரமும் கட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு விற்கப் போய்விடுவாள். கஸ்தூரி முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்தாள்: "அக்கா, இந்த ஜன்னலாண்ட யாராவது நின்னா விரட்டி விடுங்க. உள்ள முக்கியமான வேலை நடக்குது."

"நீ கவலையே படாத பாப்பா. நாயைக்கூட நிக்க விடமாட்டேன்" என்றாள் சந்திரம்மாள். சொன்னபடியே செய்தாள். தினமும் மூன்று மணிக்கு ஜன்னல் கம்பி வழியாக அவளுக்கு ஒரு டம்ளர் டீ போனது.

*

ஜூலை கடைசியில் முதல் சந்தேகம் வந்தது. கொண்டுவந்தவன் ஆட்டோ தசரதன்.

தசரதனுக்கு நாற்பத்தைந்து வயது. ஹன்னாவைக் கிராமங்களுக்கு அழைத்துப் போய் வருவதும், அவள் அங்கேயே தங்கும் நாட்களில் பதிவான கேசட்டுகளைக் கொண்டுவந்து கஸ்தூரியிடம் ஒப்படைப்பதும் அவன் வேலை. அன்று கேசட் பையை நீட்டிக்கொண்டே சிரித்தான்.

"கஸ்தூரிம்மா, சங்கதி தெரியுமா? அந்தப் பெரியவர் சுப்பிரமணி, புரட்டாசி ஆனா ஊருக்கே விரதம் சொல்லுவாரே, அவரு பொண்ணு கல்யாணத்தன்னிக்கு சமையக்கட்டுல ஒளிஞ்சிக்கினு ஆம்லெட் தின்னாராமே!"

கஸ்தூரிக்கு முதுகு நிமிர்ந்தது. அந்தக் கதையைச் சுப்பிரமணியின் மனைவி ஹன்னாவிடம் டேப்பில் சொல்லியிருந்தாள். கஸ்தூரி அதைக் கேட்டு எழுதிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"பஸ் ஸ்டாண்டுல டீக்கடையில பேசிக்கினு இருந்தாங்க."

"டீக்கடையில யாரு?"

"யாருன்னு கேட்டா? நாலு பேரு பேசுனாங்க, நானும் சிரிச்சேன். பேரு விலாசமா எழுதி வாங்கிக்கினு சிரிப்பாங்க?"

அவன் கிளம்பும்போது கஸ்தூரி வாசலுக்கு வந்து ஆட்டோவைப் பார்த்தாள். ஹேண்டில் பாருக்குக் கீழே ஒரு கார் ஸ்டீரியோ பொருத்தியிருந்தான். கேசட் போடுகிற வாய் பளபளத்தது. கிராமத்திலிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரம். கையில் ஒரு பை கேசட்.

அவள் அன்றே அரக்கு வாங்கினாள். கேசட்டுகளைத் துணிக் கவரில் போட்டு, முடிச்சில் அரக்கு வைத்து அனுப்பும்படி ஹன்னாவிடம் சொன்னாள். ஹன்னா முகத்தைச் சுளித்தாலும் செய்தாள். தசரதன் கவரைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, தாலுக்கா ஆபீஸ் தபாலா இது?" என்றான். இரண்டாவது வாரம் வந்த கவரில் அரக்கு இரண்டாக விரிந்திருந்தது. "ரோடு அப்படிம்மா, எலும்பே விரியுது" என்றான் அவன். கஸ்தூரி விரிசலை ஜன்னல் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தாள்.

*

ஆகஸ்ட் மாதம் வந்தது எல்லம்மாளின் டேப். தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமம். அறுபதை நெருங்கும் விதவை. அவள் மகள் வேதாவைப் போளூரில் கொடுத்து ஐந்து வருடம். வேதாவுக்கு ஒரு பெண் குழந்தை. எல்லம்மாள் டேப்பில் நன்றாகச் சிரித்துக்கொண்டு பேசியிருந்தாள்.

"நிச்சயத்துக்கு இருபத்தோரு தட்டு கொண்டாந்தாங்க சம்பந்தி ஊட்ல. பார்க்கப் பார்க்க கோபுரமா நின்னுச்சு. எடுத்து வெக்கலாம்னு கைய உட்டேன். மேல ஆறு சாத்துக்குடி, அடியில பூரா வைக்கோலு! நான் வாயைத் திறக்கலியே. என் ஊட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. நல்ல வைக்கோலு, வீணாக்குவானேன்னு மாட்டுக்குப் போட்டுட்டேன்."

கஸ்தூரிகூடச் சிரித்துவிட்டாள். அந்த வாக்கியத்தை மூன்று தடவை ஓட்டிக் கேட்டாள்.

மூன்றாம் வாரம் எல்லம்மாளே அறை வாசலில் வந்து நின்றாள். பஸ்ஸில் வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கம்மா அந்த வெள்ளைக்காரப் பொண்ணு? என் சம்பந்தியைப் போளூர்ல 'வைக்கோல் தட்டு'ன்னு கூப்புடுறாங்களாம். மார்க்கெட்டுக்குப் போனா, 'இன்னாக்கா, பழம் வேணுமா, வைக்கோலே போதுமா'ன்னு கேக்குறாங்களாம். நவம்பர் பதிமூணு என் பேத்திக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுதானே குத்தணும்? என் புள்ள மாறன் வரவே வேணாமாம். வேற யாரு மடியிலயோ உக்கார வெக்கிறாங்களாம். தாய்மாமன் உசுரோட இருக்கும்போது! எம்புள்ள செத்தா போய்ட்டான்?"

"நாங்க யார்கிட்டயும் சொல்லலைம்மா."

"நான் உங்க பெட்டியிலதான் சொன்னேன். அஞ்சு வருசத்துல வேற ஒரு ஆளுகிட்ட சொல்லல. பெட்டி சொல்லலைன்னா நீ சொன்ன. இல்லன்னா அவ சொன்னா. இல்லன்னா எடுத்துக்கினு வந்தவன் சொன்னான். யாருன்னு நீயே முடிவு பண்ணு."

கஸ்தூரி முடிவு செய்து ஏற்கெனவே மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் ஹன்னாவிடம் வரிசையாகச் சொன்னாள்: ஆட்டோவில் ஸ்டீரியோ, ஆம்லெட் கதை, விரிந்த அரக்கு. ஹன்னா தயங்கினாள். "நீ உறுதியாகச் சொல்கிறாயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். கஸ்தூரி இரண்டு தடவையும் ஆமாம் என்றாள்.

மறுநாள் தசரதனை வர வேண்டாம் என்று ஹன்னா சொல்லிவிட்டாள். அவன் நேராகக் கஸ்தூரியிடம்தான் வந்தான்.

"என் வண்டியில சாமி பாட்டு நாலு கேசட்டு இருக்குது. நாலும் தேய்ஞ்சு போச்சு. நான் எதுக்கும்மா எல்லம்மா கதையைப் போட்டுக் கேக்கணும்? எனக்கென்ன பைத்தியமா?"

"நான் ஒண்ணும் சொல்லலைண்ணா. மேடம்தான்..."

"மேடத்துக்கு என் வண்டியில ஸ்டீரியோ இருக்கிறது இன்னிக்குத்தான் தெரியுமா? தெனம் அதுல பாட்டு கேட்டுக்கினுதானே வந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்குப் புதுப் பெயர் வந்தது. ஒட்டுக்கேட்டான். "இன்னா ஒட்டுக்கேட்டான், இன்னிக்கு எந்த ஊட்டுக் கதை?" என்று வரிசையில் நிற்கும் வண்டிகளிலிருந்து குரல் வரும். ஒரு வாரத்தில் அவன் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டான். அதைப் பார்த்த கஸ்தூரி, தடயத்தை மறைக்கிறான் என்று நினைத்தாள்.

*

அதற்குப் பிறகு ஹன்னாவே கேசட்டுகளைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அவள் கையிலிருந்து கஸ்தூரி கைக்கு, அங்கிருந்து நேராகப் பீரோவுக்குள். சாவி கஸ்தூரியின் வளையலில் சேஃப்டி பின்னோடு தொங்கியது. செப்டம்பர் அமைதியாகப் போனது. தசரதன்தான் என்பது உறுதியாயிற்று.

அக்டோபர் இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"மாப்பிள்ளை மணவறையிலயே தூங்கிட்டானாம்டீ! ஐயர் தாலியை நீட்டுறாரு, இவன் கொர்ருன்னு."

"அய்யோ! அப்புறம்?"

"மச்சினன்தான் கிள்ளி எழுப்புனானாம்."

கஸ்தூரி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மச்சினன் கிள்ளியது உட்பட அந்தக் கதையை அவள் செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டு எழுதியிருந்தாள். அந்தக் கேசட்டைத் தசரதன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்படியென்றால் யார்? ஹன்னாவே சாப்பாட்டுக் கடைகளில் பேசுகிறாளா? வீட்டுக்காரம்மாவிடம் இன்னொரு சாவி இருக்கிறதா? எழுதும்போது தானே வாய்விட்டுப் படிக்கிறோமா? அன்று முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டே எழுதினாள். இல்லை, அவள் உதடு அசைவதில்லை.

அன்று வீட்டில் ஒரு வெற்றுக் கேசட்டை எடுத்து, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, கிராமத்துப் பெண் பேசுவது போல் ஒரு பொய்யைப் பதிவு செய்தாள். இன்னொருவர் பெயரைக் கெடுக்க மனம் வரவில்லை. தன் பெயரையே போட்டாள். "டைப் அடிக்குதே கஸ்தூரி, அந்தப் பொண்ணுக்கு ஆரணியில மாப்பிள்ளை பார்த்துட்டாங்க. ரெண்டாந்தாரம். மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம்."

முதலில், யாராவது எடுத்துப் போட்டுக் கேட்கிறார்களா என்று, அதைப் பூட்டாமல் மேஜை மேலேயே நாலு நாள் விட்டு வைத்தாள். யாரிடமிருந்தும் ஒரு பேச்சும் இல்லை. பிறகு எழுத்தில் வடித்து, தாளை மட்டும் பீரோவில் வைத்தாள். அதற்கும் ஒன்றும் இல்லை. கடைசியாக, புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் தாழிட்டு, திறந்த ஹெட்போனை மாட்டி, எப்போதும் போல மூன்று தடவை ஓட்டிக் கேட்டாள்.

நாலு மணிக்குச் சந்திரம்மாள் ஜன்னல் கம்பி வழியாக ஒரு முழம் மல்லியை நீட்டினாள்.

"வெச்சுக்கோ பாப்பா. காசு வேணாம். ரெண்டாந்தாரம்னா இன்னா இப்ப? ஆளு நல்லவனா இருந்தா போதும். காது கேக்கலைன்னா உனக்குத்தான் நல்லது, நீ திட்டுறது கேக்காது பாரு."

கஸ்தூரி பூவை வாங்கவில்லை.

"அக்கா... உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீதான் போட்டியே! மூணு வாட்டி போட்ட. நீ எதையுமே மூணு வாட்டி போடுவ. அதான் எனக்கும் அப்படியே பதிஞ்சிடுது."

"நான் காதுல மாட்டிக்கிட்டுல்ல கேக்குறேன்?"

"அதுலருந்துதான் வருது. ரேடியோ மெதுவா வெச்ச மாதிரி. நான் பூ கட்டிக்கினு கேட்டுக்கினே இருப்பேன். பாவம், வெளிய ஒருத்தி ஒண்டியா உக்காந்திருக்காளேன்னு நீ எனக்குன்னுதான் ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கன்னு நெனைச்சேன். டீயும் குடுக்குற. உனக்கு எவ்ளோ நல்ல மனசுன்னு பஸ் ஸ்டாண்டுல நான் சொல்லாத ஆள் இல்ல."

"கதையையும் சொன்னீங்களா?"

"ரேடியோவுல கேட்டதை யாரும் சொல்லமாட்டாங்களா? பூ வாங்க வர்றவங்க கேப்பாங்க, இன்னிக்கு இன்னா கதைன்னு. நடுவுல கொஞ்ச நாள் பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டேன் இல்ல, செப்டம்பர் பூரா? வந்ததும் எல்லாரும் கேட்டாங்க."

கஸ்தூரிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அமைதியான செப்டம்பரில் ஜன்னலுக்குக் கீழே ஆள் இல்லை. பூக்கூடை இல்லாததை அவளும் பார்த்திருந்தாள். டீயை அளவு குறைத்து வாங்கியிருந்தாள். ஆனால் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை.

ஆனாலும் அவள் உடனே நம்பவில்லை. சந்திரம்மாளை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்து, திறந்த ஹெட்போனை அவள் தலையில் மாட்டினாள். எல்லம்மாளின் கேசட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வெளியே பூக்கூடைக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

எல்லம்மாள் தலைக்கு மேலே பேசினாள். மெல்லிசாக, ஆனால் ஒவ்வொரு சொல்லாக. மேல ஆறு சாத்துக்குடி, அடியில பூரா வைக்கோலு.

உள்ளிருந்து சந்திரம்மாள் கத்தினாள்: "பாப்பா! இன்னிக்குத்தான்டீ ஆடு கத்துறதுகூட கேக்குது!"

கஸ்தூரி உள்ளே போய் மூடியதை மாட்டிவிட்டு மறுபடி வெளியே வந்து உட்கார்ந்தாள். எல்லம்மாள் இல்லை. ரோட்டில் பஸ். மின்கம்பியில் காக்கை. வழியில் போன ஒரு பெண் நின்று, "கனகாம்பரம் முழம் எவ்ளோ?" என்று அவளைக் கேட்டாள். கஸ்தூரிக்கு விலை தெரியவில்லை.

*

யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மூடியதைப் போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினால் பேச்சு நின்றுவிடும். தசரதன் போனதால் நின்றது என்று எல்லாரும் நம்புவார்கள். பஸ்ஸில் கேட்ட மணவறைக் கதை அவன் போன பிறகு வந்த கேசட்டில் இருந்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஹன்னா டிசம்பரில் ஊருக்குப் போய்விடுவாள். சந்திரம்மாளுக்கு நடந்தது என்னவென்றே புரியவில்லை. இனி கதை கிடையாதா என்பதுதான் அவள் கவலை.

கஸ்தூரி ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். இரண்டாம் நாள் டைப் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் காலண்டர் நினைவுக்கு வந்தது. மேலே முருகன் படம். பின்னால் அவளுடைய கார்டு. பதினொரு நாளும் அவர் அந்தக் காலண்டரில் தேதி கிழித்திருப்பார்தானே?

ஹன்னாவிடம் முதலில் சொன்னாள். ஹன்னா இரண்டு ஹெட்போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "தவறு என்னுடையதும்தான். யாரும் இல்லாத அறை என்றேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை" என்றாள்.

"ஏன்னு நானும் கேக்கலையே மேடம்" என்றாள் கஸ்தூரி.

பிறகு தனியாக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். காலை ஒன்பது மணி. ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. யாரோ, "ஒட்டுக்கேட்டான், உனக்கு ஆள் வந்துகீது" என்றான். தசரதன் பின் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"தசரதண்ணா, அந்தக் கதையெல்லாம் வெளிய போனது என்னாலதான். உங்க மேல தப்பில்ல. நான்தான் மேடத்துகிட்ட உங்களைச் சொன்னேன்."

தசரதன் பேப்பரை மடித்தான்.

"எப்படிப் போச்சாம்?"

அவள் சொன்னாள். ஹெட்போன், கம்பி வலை, ஜன்னல், பூக்காரி. சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்ப முடியாத கதை மாதிரி இருந்தது. அவன் முகத்திலும் அதுதான் தெரிந்தது.

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? ரெண்டு மாசம் கழிச்சு? மேடத்துக்கு வண்டி வேணுமா?"

"இல்லண்ணா."

"அப்ப வேற யாராவது கண்டுபுடிச்சிட்டாங்களா? அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே வந்துட்டீங்களா?"

"யாரும் கண்டுபிடிக்கல. நானா சொன்னதாலதான் மேடத்துக்கே தெரியும்."

அவன் அவளை வெகு நேரம் பார்த்தான். அரக்கு விரிசலை அவள் பார்த்த மாதிரி.

"வாயால சொல்றதெல்லாம் வேணாம்மா. வாயால சொன்னதுலதான் இவ்ளோவும் வந்துச்சு. நீங்க டைப் அடிக்கிறவங்கதானே? அடிச்சுக் கையெழுத்து போட்டுக் குடுங்க. என் பேரு, வண்டி நம்பரு எல்லாம் போட்டு. ஒண்ணு இந்த ஸ்டாண்டுல ஒட்டணும். ஒண்ணு என் வண்டியில இருக்கும்."

பக்கத்து வண்டிக்காரன், "சீல் வெச்சு வாங்கு தசரதா" என்றான். ஒட்டுக்கேட்டான் என்று சொல்லவில்லை.

அன்று மதியம் கஸ்தூரி அடித்தாள். தமிழில், ஒரு பக்கம், மேலே ஒன்று, கார்பனில் இரண்டு. ஏழு வருடம் மற்றவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்தவளுக்குத் தன் மனுவின் முதல் வரி வர ஒரு மணி நேரம் ஆனது. சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தசரதன் இரண்டு தடவை படித்தான். எழுத்துப் பிழை இல்லை என்றதும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். இன்னொரு பிரதியைச் சோற்றுப் பருக்கை தேய்த்துத் தூணில் ஒட்டினான்.

"மூணாவது காப்பி யாருக்கு?" என்றான்.

"போளூருக்கு. எல்லம்மா சம்பந்தி ஊட்டுக்கு. காது குத்துக்கு முன்னாடி போய்ச் சொல்லணும். எல்லம்மா ஊர்ல யார்கிட்டயும் பேசல, பேசினது என் டேப்புன்னு."

"அவங்க கதவைத் திறப்பாங்களா?"

"தெரியலண்ணா."

தசரதன் சாவியை விரலில் சுற்றினான்.

"அந்த ஊட்லயும் என் பேரைத்தான் சொல்லி வெச்சிருக்காங்க. எல்லம்மா போய்ச் சொல்லியிருக்கு, ஆட்டோக்காரன் வேலைன்னு. நானும் வர்றேன். உங்களுக்காக இல்ல. நீங்க அங்க போய் கரெக்டா சொல்றீங்களான்னு நான் பார்க்கணும். வண்டி வாடகை தனி."

"சரிண்ணா."

மறுநாளிலிருந்து மேஜை உள்சுவர் பக்கம் போனது. விசிறி ஓடியது. மூடிய ஹெட்போன் அவள் காதில் வேர்த்தது. வெளியிலிருந்து சந்திரம்மாள் ஜன்னல் கதவைத் தட்டி, "இன்னா பாப்பா, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குத் தசரதனின் ஆட்டோ போளூர் ரோட்டில் கிளம்பியது. பின் சீட்டில் கஸ்தூரி, அவள் நேரில் போய் உண்மையைச் சொல்லி அழைத்து வந்திருந்த எல்லம்மாள், எல்லம்மாளின் மகன் மாறன். காது குத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.